ஐம்பத்து நான்காவது குழல்

சங்குமுனை
3 மார்ச் 1946

சேசு மரி சூசை

அன்புள்ள தம்பி விக்டருக்கு அக்காள் அமலோற்பவம் எழுதிக்கொள்வது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு வேறு குறையில்லை. உன் இருமல் விட்டதா? வீட்டில் எல்லோரும் சுகமா?

இருபது வருஷத்துக்கு முன் நம் பள்ளிக்கூடத்துக்கு வந்த இன்ஸ்பெக்டர் ஒருவர் திருநாள் பூசையும் பார்த்துவிட்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "வானதூதர் மிக்கேலுக்குப் பாடும் சம்மனசு பாட்டில் ஒரு இடத்தில் மட்டும் உங்கள் ஊர் ஜனங்கள் ஏன் இப்படிக் கத்துகிறார்கள்?" நம் மிக்கேல் கோயில் ஆர்கனில் அந்த ஒரு சுரத்துக்குக் குழல் இல்லை, பாட்டு மேலே ஏறித் திரும்பும் இடத்தில் ஆர்கன் ஊமையாகிவிடும், அந்தப் பள்ளத்தை ஜனங்கள் தொண்டையால் நிரப்புகிறார்கள் என்று சொன்னேன். குழல் எங்கே என்றார். கடல் கொண்டுபோய்விட்டது என்றேன்.

அந்தக் கேள்வி இப்போது வேறு உருவத்தில் வந்திருக்கிறது. உன் ஹென்றி முதலாளி நம் பங்குச்சாமியாருக்குக் கடிதம் போட்டிருக்கிறார். ஆர்கன் அவருடைய தாத்தா இந்தக் கோயிலுக்குக் கொடுத்ததாம். ஊர் அதைச் சரியாகப் பராமரிக்கவில்லையாம். கொழும்பில் அவர் கட்டும் சொந்தக் கோயிலுக்கு எடுத்துக்கொள்ளப் போகிறாராம். சாமியார் ஊருக்குப் புதியவர். ஆர்கனின் சரித்திரத்தை எழுதிக் கொடுங்கள் டீச்சர் என்று என்னிடம் வந்து நிற்கிறார். முப்பத்து நான்கு வருஷமாக அந்தக் கிடங்கில் இருக்கிறவன் நீ. முதலாளி மனதில் என்ன இருக்கிறதென்று உனக்குத் தெரிந்திருக்குமே. எழுது.

அக்காள்,
அமலோற்பவம்

*

கொழும்பு
20 மார்ச் 1946

மதிப்புக்குரிய அக்காவுக்குத் தம்பி விக்டர் தாழ்மையுடன் எழுதுவது. மாதா கிருபையால் எல்லோரும் நலம். இருமல் விட்டுவிட்டது. முழங்காலுக்கு ஒரு தைலம் ஆள் மூலம் அனுப்புகிறேன்.

முதலாளி சொல்வது உண்மைதான் அக்கா. ஆர்கன் நெற்றியில் பித்தளைத் தகடு இருக்கிறதே, அதில் அவர் தாத்தா பெரிய முதலாளியின் காணிக்கை என்று இங்கிலீஷில் வெட்டியிருக்கிறது. வக்கீலுக்கு அது போதும். அதற்குப் பதிலாகப் புது ஆர்மோனியம் ஒன்று வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அது பழைய சாமான்தானே. இந்த வயதில் இதற்காக நீங்கள் அலைய வேண்டாம்.

இங்கே மழை பிடித்திருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விக்டர்

*

சங்குமுனை
2 ஏப்ரல் 1946

அன்புள்ள தம்பிக்கு,

தைலம் வந்தது. தேய்த்துக்கொண்டு எழுதுகிறேன், தாளில் வாடை அடித்தால் பொறுத்துக்கொள். உன் வீட்டில் எல்லோருக்கும் என் ஆசீர்.

பழைய சாமான் என்று எழுதியிருக்கிறாய். அது எப்படிப் பழையதானது என்று எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான். வகுப்பில் ஒரு பாடத்தைத் தெரிந்த பிள்ளைக்கும் சேர்த்துத்தான் சொல்வேன். தெரிந்த பிள்ளைதான் சில நேரம் மறந்துபோயிருக்கும்.

1884-ஆம் வருஷம். கப்பல் வழக்கம்போல் தூத்துக்குடிக்கு வெளியே ஆழத்தில் நின்றது. சாமான்களை வத்தையில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பெரிய முதலாளி தன் பங்களாவுக்கு வரவழைத்த ஆர்கன் இருந்த வத்தை கவிழ்ந்தது. மரக்கட்டைகள் மிதந்தன. ஈயமும் வெள்ளீயமும் கலந்த குழல்கள் ஏழு பாகம் ஆழத்தில் போய்ப் படுத்துக்கொண்டன. "கடலில் விழுந்தது கடலுக்கு. எடுக்கிறவன் எடுத்துக்கொள்ளட்டும்" என்று சொல்லிவிட்டு முதலாளி பங்களாவுக்குப் போய்விட்டார்.

நம் ஊர்ச் சங்கு குளிக்கிறவர்கள் மூன்று நாள் இறங்கினார்கள். ஐம்பத்து நான்கு குழலும் வெளியே வந்தன. கடைசிக் குழலை எடுத்தது அப்பா. கயிறு பிடித்தவர் அம்மா கூடப்பிறந்த மாமா. முங்குகிறவனுக்கு அவன் மச்சினன்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்பது ஏன் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தங்கச்சியை விதவையாக்க எந்த அண்ணனும் கயிற்றை விடமாட்டான்.

எடுத்தவர்கள் முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். அவர் ஆள் ஒவ்வொரு குழலின் அடியிலும் இருந்த முதலாளியின் சரக்கு முத்திரையை ஆணியால் குறுக்கே கீறினான். பக்கத்தில் எடுத்தவன் தன் வீட்டுக் குறியைக் கீறினான். வலை மிதவையிலும் துடுப்பிலும் போடும் அதே குறி. நம்முடையது ஒரு சங்கு, இரண்டு கீற்று. தோணி ஆசாரி கூடு செய்தார். பாண்டிச்சேரியிலிருந்து ஒரு சபைச் சகோதரர் வந்து குழல்களைப் பொருத்தினார். எல்லாம் முடிந்து ஆர்கன் பாடிய பிறகுதான் முதலாளி தகட்டைக் கொண்டுவந்து அறைந்தார். நம்மவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. அழகாக இருக்கிறதென்று அதற்கு மாலை போட்டார்கள்.

உன்னிடம் ஒரு சந்தேகம். சரக்கு முத்திரையைக் குறுக்கே கீறினால் இன்றைக்கும் கிடங்கில் அதற்கு என்ன அர்த்தம்? எனக்குப் பாடம் எடு.

அக்காள்

*

கொழும்பு
10 மே 1946

அக்காவுக்கு,

வேலை மும்முரம், அதனால் தாமதம். நலம்.

குறுக்கே கீறினால் அந்தச் சாமானின் மேல் முத்திரைக்காரனுக்கு இனி உரிமை இல்லை, கைமாறிவிட்டது என்று அர்த்தம். எந்தக் கிடங்கிலும் அப்படித்தான். எதற்குக் கேட்கிறீர்கள்?

விக்டர்

*

சங்குமுனை
21 மே 1946

அன்புள்ள தம்பிக்கு,

உன் சுகம் ஒரே சொல்லில் வந்தது. அதுவும் சந்தோஷம்தான். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார் முன்னால் குழல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். ஆர்கன் வாசிக்கும் பிளாரன்ஸ் எடுத்துக் கொடுக்க, நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடியைப் பார்த்தேன். ஒன்றிலும் குறி இல்லை. ஒன்றிலும் முத்திரை இல்லை. கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது.

எங்கே போயிற்று என்று சாமியார் கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஒவ்வொரு வருஷமும் கொடியேற்றத்துக்கு முன்னால் அவரவர் வீட்டுக் குழலை அவரவர் எடுத்துப்போய்க் கழுவுகிறோமே, அறுபது வருஷமாக. தண்ணீரில் கழுவினால் போதாதா? பக்கத்து வீட்டுக் குழலைவிட நம் குழல் பளபளக்க வேண்டும். புளி, சாம்பல், கடைசியில் கடல் மணல். ஆசையாகத் தேய்த்துத் தேய்த்து நம் அத்தாட்சியை நாமே அழித்துவிட்டோம். வாய் விளிம்புகள்கூடத் தேய்ந்து குட்டையாகிவிட்டன. பரீட்சைத் தாளை அழகாக இருக்கட்டும் என்று அழித்து அழித்துக் கடைசியில் விடையையே அழித்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஊர் முழுக்க அப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை.

"ஐம்பத்து மூணுதான இருக்கு, இன்னொண்ணு எங்க டீச்சர்?" என்றார் சாமியார். நான் பதில் சொல்வதற்குள் மீன்காரி கித்தேரியம்மாள் முந்திக்கொண்டாள். "அத டீச்சர் அலைக்குக் குடுத்துட்டாவ சாமி. ஊருக்கெல்லாம் புத்தி சொல்லுத கை, ஒரு குழலப் புடிக்கத் தெரியல."

உனக்கு இது தெரியாது என்று நினைக்கிறேன். 1912-இல் அப்பா இறந்து, நீ கொழும்புக்குத் தோணி ஏறிய மறு வாரம் கழுவும் நாள் வந்தது. கோயிலுக்குப் போனேன். நம் வீட்டுக் குழல் இருந்த இடம் ஓட்டையாக இருந்தது. காலையிலேயே எடுத்துப்போய்க் கரையில் வைத்துக் கழுவினேன், அலை இழுத்துவிட்டது என்று ஊருக்குச் சொன்னேன். அன்றிலிருந்து இந்தக் கேலி. பழகிவிட்டது.

சாமியாரிடமும் அதையே சொன்னேன். மற்றபடி சுகம்.

அக்காள்

*

சங்குமுனை
30 ஜூன் 1946

அன்புள்ள தம்பிக்கு,

பதில் இல்லை. தபாலில் கோளாறோ, உடம்பில் கோளாறோ என்று கவலை. இரண்டு வரி போடு.

முதலாளியின் ஏஜெண்ட் செல்வதுரை தூத்துக்குடியிலிருந்து வந்தார். மரியாதையான மனுஷர், துறைமுகக் கிடங்கிலேயே தலை நரைத்தவர். செப்டம்பர் பதினாறாம் தேதி லாரி வரும் என்றார். ஊர் சார்பில் யாராவது கையெழுத்துப் போட்டால் சுலபம் என்றார். எங்கள் வகுப்பில் கையெழுத்து நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம், அதை எங்கே போடக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம் என்றேன். அவர் சிரித்துவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார்.

அக்காள்

*

கொழும்பு
8 ஜூலை 1946

அக்காவுக்கு,

எனக்கு உடம்பு சுகம்தான். உங்கள் மே மாதக் கடிதம் வந்தது. பலமுறை வாசித்தேன்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். நான் சங்குமுனைக்காரன், ஆர்கனைச் சிறுவயதிலிருந்து பார்த்தவன். அது அவர் தாத்தா கொடுத்தது என்று சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். ஊர்க்காரன் ஒருவன் போட்டால் பிறகு யாரும் பேச முடியாதாம். ஆகஸ்ட் கடைசி வரை தவணை. நாங்கள் குடியிருக்கும் வீடு கம்பெனி வீடு. சின்னவளுக்குத் தை மாதம் கல்யாணம் பேசியிருக்கிறது. இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

அலை கொண்டுபோனது என்று நீங்கள் சொன்னது எனக்குத் தெரியாது அக்கா.

விக்டர்

*

சங்குமுனை
20 ஜூலை 1946

அன்புள்ள விக்டருக்கு,

கல்யாணப் பேச்சு கேட்டுச் சந்தோஷம். பிள்ளைக்கு என் முத்தம்.

கையெழுத்துப் போடு என்றோ போடாதே என்றோ நான் சொல்லப்போவதில்லை. நீ ஐம்பத்து மூன்று வயதுப் பிள்ளை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ போட்டாலும் லாரி இங்கிருந்து நிறைந்து போகாது. இது மிரட்டல் இல்லை. ஊர்ப் பெண்களை எனக்குத் தெரியும். பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள்.

என் வகுப்பு வழக்கம் ஒன்று. ஒரு தடவை வகுப்பில் ஒரு நல்ல பேனாக்கத்தி காணாமல் போனது. யார் எடுத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எடுத்த பிள்ளைக்குப் பொய் சொல்வதைத் தவிர வேறு வழி இருக்காது. மேஜையில் ஒரு பெட்டியைத் திறந்து வைத்தேன். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று வாய்ப்பாட்டை முதலிலிருந்து எழுதினேன். எல்லோரும் ஒருமுறை மேஜையைச் சுற்றி வந்து உட்காருங்கள் என்றேன். பதினாறாம் வாய்ப்பாடு வரை எழுத வேண்டியிருந்தது. திரும்பிப் பார்த்தபோது கத்தி பெட்டியில் இருந்தது. அது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.

முப்பத்து நான்கு வருஷமாக நான் கரும்பலகையைப் பார்த்துத்தான் நிற்கிறேன், தம்பி.

வெயிலில் குடையில்லாமல் போகாதே.

அக்காள்

*

சங்குமுனை
17 செப்டம்பர் 1946

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு மாதமாக உன் எழுத்தைக் காணோம். நீ சுகம் என்றே எடுத்துக்கொள்கிறேன். எனக்கு இன்று முழங்கால் வலிகூட இல்லை. ஏனென்று கேள்.

நேற்று லாரி வந்தது. சொன்ன தேதி, சொன்ன நேரம். செல்வதுரை, கூட நாலு ஆள், வைக்கோல், சாக்கு, கயிறு. சாமியார் கோயில் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். உள்ளே போனார்கள். ஆர்கன் கூடு நின்றது, துருத்தி நின்றது, நெற்றியில் பித்தளைத் தகடு மின்னியது. குழல் ஒன்றுகூட இல்லை. ஐம்பத்து மூன்று ஓட்டை.

குழலெல்லாம் எங்கே என்றார் செல்வதுரை. வாசலில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த கித்தேரியம்மாள் எழுந்திருக்கவே இல்லை.

"கழுவப் போயிருக்கு."

"எல்லாமா?"

"இருவதாம் தேதி கொடியேத்தம்லா. அழுக்கோட கொண்டுபோனா கொழும்புல ஒங்க மொதலாளி என்ன சொல்லுவாவ? எங்களுக்குத்தான மானக்கேடு."

எந்த வீட்டில் என்று அவர் கேட்டார். எல்லா வீட்டிலும் என்று நான் சொன்னேன். வாருங்கள், வீடு வீடாகப் போகலாம், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாய் காப்பி குடித்தால்தான் விடுவார்கள், ஐம்பத்து மூன்று காப்பி குடிக்க உங்கள் வயிறு தாங்குமா என்று கேட்டேன். தெரு முழுக்க வாசலுக்கு வாசல் பெண்கள் நின்றார்கள், இடுப்பில் பிள்ளையை வைத்திருப்பதுபோலக் குழலை வைத்துக்கொண்டு. இந்த முறை யாரும் மணல் போட்டுத் தேய்க்கவில்லை. வெறும் தண்ணீர்தான்.

லாரி ஆட்களில் ஒருவன் கூட்டையாவது ஏற்றுவோம் என்று கை வைத்தான். அது தோணி ஆசாரி பேரன் செய்தது, 1931-இல் புதுப்பித்தோம், ரசீது இருக்கிறது என்றார் சாமியார். நல்ல மனுஷர், சீக்கிரம் கற்றுக்கொள்கிறார். கடைசியில் தகடு மட்டும்தான் முதலாளியுடையது. வேண்டுமானால் கழற்றிக்கொள்ளுங்கள் என்று நானே திருப்புளியை நீட்டினேன். செல்வதுரை வாங்கவில்லை. திருநாள் முடிந்த மறுநாள் பிஷப்பாகிய மேற்றிராணியாரின் கடிதத்தோடும் போலீசோடும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வரட்டும். ஆனால் ஒன்றை உன்னிடம் மறைக்கவில்லை. காகிதம் கேட்டால் எங்களிடம் காகிதம் இல்லை. குறி கேட்டால் குறி இல்லை. அடுத்த முறை காப்பியால் தடுக்க முடியாது.

அக்காள்

*

கொழும்பு
19 செப்டம்பர் 1946

அன்புள்ள அக்கா,

இதைத் தபாலில் போடவில்லை. தோணி ஓட்டம் தொடங்கிவிட்டது. தோணியை ஓட்டிவரும் தண்டல் சந்தியாகு கையில் கொடுத்திருக்கிறேன். கூடவே என் மழைக்கோட்டில் சுற்றிய ஒரு சாமான். அவிழ்த்துப் பாருங்கள். நான் ஒருநாளும் தேய்க்கவில்லை. எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தேன், அவ்வளவுதான்.

பத்தொன்பது வயது. அப்பாவைப் புதைத்து எட்டு நாள். மூச்சைப் பிடித்து அவர் மேலே கொண்டுவந்தவற்றில் என் கைக்கு அடக்கமாக இருந்தது அது ஒன்றுதான், எடுத்துக்கொண்டு தோணி ஏறிவிட்டேன். திருப்பித் தர வேண்டும் என்று வருஷா வருஷம் நினைத்தேன். வருஷம் ஏற ஏறக் கஷ்டமாகிவிட்டது. உங்களுக்கு நான் என்ன செய்தேன் என்பது இந்த மே மாதம்தான் தெரிந்தது.

குழலின் அடியைச் செல்வதுரையிடம் காட்டுங்கள். வேறு யாருக்கும் காட்ட வேண்டாம். அவருக்கு வாசிக்கத் தெரியும்.

ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி முதலாளி பேனாவை நீட்டினார். "அய்யா, எங்க வீட்டுக் குறி அதுல கெடக்கு. நான் எப்படி எழுதிக் குடுக்கது?" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. கிடங்குச் சாவியை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். வீட்டைக் காலி செய்ய அக்டோபர் வரை நேரம் கொடுத்திருக்கிறார். வேலையும் வீடும் போனதை மாப்பிள்ளை வீட்டாரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர்கள் பின்வாங்கவில்லை.

விக்டர்

*

சங்குமுனை
1 அக்டோபர் 1946

என் அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். நீ எப்படி என்று கேட்கமாட்டேன், வந்து சொல். பின்கட்டு அறையைச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன்.

சந்தியாகு மழைக்கோட்டை இருபத்தாறாம் தேதி கொண்டுவந்தான். நான் கதவைச் சாத்திக்கொண்டுதான் அவிழ்த்தேன். முத்திரை, அதன் குறுக்கே ஒரு கீறல், பக்கத்தில் சங்கும் இரண்டு கீற்றும். கீற்று கொஞ்சம் கோணல். அப்பா கை அப்படித்தான்.

திருநாள் காலையில் ஐம்பத்து மூன்று பெண்கள் குழலோடு வரிசையாக வந்து அவரவர் ஓட்டையில் வைத்தார்கள். நான் ஐம்பத்து நான்காவதாகப் போனேன். முழங்கால் வலிக்கிறதே என்று மெதுவாகத்தான் நடந்தேன். அலை திருப்பிக் கொண்டுவந்ததா என்று யாரோ கேட்டார்கள். அலை இல்லை, என் தம்பி விக்டர் எடுத்துப்போயிருந்தான், அவனே அனுப்பினான், அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். கித்தேரியம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "முப்பத்து நாலு வருசம் நான் வைதது வீணாப் போச்சே" என்றாள். அவளுக்கு அதுதான் மன்னிப்பு.

பிறகு சம்மனசு பாட்டு. பாட்டு மேலே ஏறித் திரும்பும் இடம் வந்தது. பிளாரன்ஸ் கட்டையை அழுத்தினாள். நம் குழல் பேசியது. ஆனால் கீழே பேசியது. மற்ற ஐம்பத்து மூன்றும் தேய்ந்து குட்டையாகிச் சுருதி ஏறிப்போயிருக்கின்றன. தேயாத குழல் பழைய சுருதியிலேயே நிற்கிறது. சரியான குழல் அது ஒன்றுதான், தப்பாகக் கேட்டதும் அது ஒன்றுதான். பிளாரன்ஸ் முகம் சுருங்கிவிட்டது. ஜனங்கள் நிறுத்தவில்லை. அந்த இடத்தில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கத்தினார்கள். குழல் அதற்குள் முங்கிப்போனது.

பூசை முடிந்து சாமியார், குழலை மேலே வெட்டிச் சுருதி சேர்க்கலாமா என்று கேட்டார். "கொழும்புக்குப் போயிட்டு வந்ததுல்லா, ஊரு சுருதி மறந்துட்டு. கெடக்கட்டும். வெட்டவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். நாங்க எறங்க மாட்டோம்" என்றாள் கித்தேரியம்மாள். அதுவே ஊர்த் தீர்மானம்.

நேற்றுச் செல்வதுரை வந்தார், போலீசும் வந்தது. நான் குழலைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு விரலால் அந்தக் கீறலைத் தடவினார். பிறகு சாமியார் பக்கம் திரும்பினார். "நாப்பது வருசமா கோடு போட்ட மூட்டைய நான் ஏத்துனதில்ல சாமி. இதையும் ஏத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டு லாரியைத் திருப்பச் சொன்னார். முதலாளிக்கும் மேற்றிராணியாருக்கும் தானே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். முதலாளி வேறு வக்கீலைப் பிடிக்கலாம். பிடிக்கட்டும். தகட்டை நாங்கள் கழற்றவில்லை. அதற்குக் கீழே ஐம்பத்து நான்கு வீட்டுக் குறியையும் ஆணியால் கீறி, பக்கத்தில் வீட்டுப் பெயரையும் எழுதச் சொல்லியிருக்கிறோம், தமிழில், எல்லோருக்கும் தெரியும்படி.

தோணி ஏறுமுன் அங்கே உனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மீதம் இருக்கும். கோயிலில் எல்லோரும் பாடும்போது, பாட்டு மேலே ஏறும் இடத்தில் நீ மட்டும் வாயை மூடிக்கொண்டு, உன் இடத்தை யார் நிரப்புகிறார்கள் என்று ஒருமுறை காது கொடுத்துக் கேட்டுப் பார்.

அக்காள்,
அமலோற்பவம்